பதின்மூன்று புள்ளி எட்டு வோல்ட்: கையில் எடுத்துச் செல்லும் வானொலியும் அதன் பேட்டரியும்

அமெச்சூர் வானொலியாளர்கள், அதாவது ஹாம்கள், பயன்படுத்தும் டிரான்ஸீவர் ஒன்றின் கையேட்டைப் புரட்டி, மின்வழங்கல் பற்றிய வரியைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ‘13.8 வோல்ட் நேர்மின்னோட்டம். 15 விழுக்காடு கூடலாம், குறையலாம்’ என்று இருக்கும். கருவி ஜப்பானில் செய்யப்பட்டதா, அமெரிக்காவிலா, சீனாவிலா என்பது பொருட்டில்லை, எண் அதுவேதான். பத்து என்றோ பதினைந்து என்றோ முழு எண்ணாக வைத்துக்கொள்ள எல்லா வசதியும் இருந்தும், பொறியாளர்கள் ஏன் இந்தப் பின்ன எண்ணில் வந்து நின்றார்கள்?

விடை வானொலியில் இல்லை; மோட்டார் வண்டியில் இருக்கிறது. காரீய-அமில மின்கலம் ஒன்றின் மின்னழுத்தம் ஏறக்குறைய 2 வோல்ட். ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் நாம் ‘12 வோல்ட் பேட்டரி’ என்று அழைப்பது கிடைக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வண்டியின் மின்னாக்கி அந்தப் பேட்டரிக்கு மின்னேற்றும்போது, கலம் ஒன்றுக்கு 2.3 வோல்ட் அளவில் அழுத்தம் நிற்கும். ஆறு மடங்கு 2.3 என்பது 13.8. வீட்டு மேசைமேல் அசையாமல் அமர்ந்திருக்கும் வானொலியும் தான் ஓடுகிற காருக்குள் இருப்பதாகவே இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறது.

‘எந்தப் பேட்டரி வாங்கலாம்?’ என்பது வாங்குவோருக்கான கையேட்டில் இருக்கவேண்டிய கேள்வி என்றே கருதப்படுகிறது. வானொலியின் வரலாற்றை எழுதுவோர் வால்வு, டிரான்சிஸ்டர், உரிமம், அரசின் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பற்றி விரிவாக எழுதுகிறார்கள். பேட்டரிக்கு ஓர் அடிக்குறிப்புக் கிடைத்தால் பெரிது. ஆனால் எங்கிருந்து பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம், யாரால் அதற்கான செலவைத் தாங்கமுடியும் என்பவற்றை, எடுத்துச் செல்லும் வானொலியைப் பொறுத்தவரை, பேட்டரியே முடிவு செய்தது. அந்த முடிவுகளில் பெரும்பாலானவை வானொலிக்காக எடுக்கப்பட்டவையும் அல்ல. இதைத்தான் இப்பதிவில் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இந்தியாவில் அமெச்சூர் வானொலியின் தொடக்கத்தை 1921இல் வைப்பது வழக்கம். கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தாவும் முகுல் போஸும் அலைபரப்பத் தொடங்கிய ஆண்டு அது. அக்காலத்து வால்வுக் கருவி ஒன்றை மின்வழங்கல் இல்லாத இடத்தில் இயக்க ஒரு பேட்டரி போதாது, மூன்று வேண்டும். வால்வின் இழையைச் சூடாக்க ‘ஏ’ பேட்டரி. அதன் தகட்டுக்கு உயர் அழுத்தம் தர ‘பி’ பேட்டரி. கிரிட்டின் சார்பழுத்தத்துக்கு ‘சி’ பேட்டரி. ‘பி’ பேட்டரிகள் 22.5, 45, 67.5, 90 வோல்ட் என்று விற்றன. இவையும் விந்தையான எண்களே. ஆனால் 1.5 வோல்ட் உலர் கலங்கள் பதினைந்து, முப்பது, நாற்பத்தைந்து, அறுபது என்று அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை நினைவில் வைத்தால் விந்தை நீங்கிவிடும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் கையில் பிடித்துப் பேசிய எஸ்.சி.ஆர்.-536 என்னும் ‘ஹேண்டி-டாக்கி’யில் இழைக்கு 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றும், தகட்டுக்கு 103.5 வோல்ட் பேட்டரி ஒன்றும் இருந்தன. அந்த இரண்டாவது பேட்டரிக்குள் இருந்தவை 69 சிறு கலங்கள். ஒரு கலம் செயலிழந்தால் மொத்த வரிசையும் தளரும்.

இந்த மூன்று பேட்டரி முறையின் உண்மையான சுமை எடையன்று, இழை. வால்வு பேசாமல் சும்மா இருக்கும்போதும் அதன் இழை எரிந்துகொண்டே இருக்கவேண்டும். கேட்பதற்கும் விலை உண்டு என்பதை எடுத்துச் செல்லும் வானொலி தன் முதல் பாடமாகக் கற்றது இங்கேதான். இந்தப் பாடத்துக்குப் பின்னர் திரும்ப வருவேன்.

1933 ஜூனில் அமெரிக்காவின் ஹாம் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். ‘ஃபீல்ட் டே’ என்ற வெளிக்களப் பயிற்சியைத் தொடங்கியது. பேரிடர் நேரத்தில் வீட்டு மின்சாரத்தை நம்பாமல் கருவிகளை வெளியே கொண்டுசென்று இயக்கிப் பழகுவதே நோக்கம். உலர் பேட்டரி விலை மிக்கது, தீர்ந்தால் எறியவேண்டியது. எனவே ஹாம்கள் எளிதில் கிடைத்த காரின் பேட்டரியை நாடினார்கள். அன்று அது 6 வோல்ட் மட்டுமே. அதிலிருந்து வால்வுக்குத் தேவையான சில நூறு வோல்ட்டைப் பெற வைப்ரேட்டர் என்னும் அதிரும் நாக்கு கொண்ட பொறியையோ, டைனமோட்டர் என்னும் சுழலும் பொறியையோ நடுவில் வைத்தார்கள். வைப்ரேட்டர் மின்னோட்டத்தை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் துண்டித்து இணைக்கும். ஒவ்வொரு துண்டிப்பிலும் ஒரு சிறு பொறி. ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி அலைபரப்பி. வெகுதொலைவிலிருந்து வரும் மெல்லிய மோர்ஸ் ஒலியைக் கேட்க அமர்ந்தவர் தன் சொந்த மின்வழங்கலின் இரைச்சலைக் கேட்டார். உலோகப் பெட்டியும் வடிகட்டியும் வைத்து அதை அடக்குவது அந்தத் தலைமுறையின் கைத்திறன்களில் ஒன்று.

பேட்டரி தளர்வதையும் அந்நாளில் காதால் அறியலாம். சாவியை அழுத்தும்போது மின்னழுத்தம் இறங்கினால் அலையியற்றியின் அதிர்வெண் சற்றே நகரும். மோர்ஸ் புள்ளியும் கோடும் பறவைக் குரல்போல வழுக்கி ஒலிக்கும். ஆங்கிலத்தில் அதை ‘சர்ப்’ என்றே அழைத்தார்கள். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவர் எதிரே உள்ளவரின் பேட்டரி எவ்வளவு களைத்திருக்கிறது என்று சொல்லிவிட முடிந்தது.

1950களின் நடுப்பகுதியில் அமெரிக்க மோட்டார் நிறுவனங்கள் 6 வோல்ட்டைக் கைவிட்டு 12 வோல்ட்டுக்கு மாறின. பெரிய எஞ்சின்களைத் தொடக்க வலுவான ஸ்டார்ட்டர் மோட்டார் தேவைப்பட்டதே முதன்மைக் காரணம். வானொலியை யாரும் கலந்தாலோசிக்கவில்லை. அடுத்து டிரான்சிஸ்டர் வந்தது. இழை இல்லை, உயர் அழுத்தம் வேண்டாம், வைப்ரேட்டர் வேண்டாம். காரின் 12 வோல்ட்டிலேயே நேராக இயங்கலாம். 1970களின் தொடக்கத்தில் டென்-டெக் நிறுவனத்தின் ஆர்கோநாட் போன்ற முழு டிரான்சிஸ்டர்க் கருவிகள் சந்தைக்கு வந்தபோது, ஹாம்களுக்குக் கிடைத்த ஆற்றல் டிரான்சிஸ்டர்கள் பலவும் டாக்சி, காவல்துறை வண்டி ஆகியவற்றின் வானொலிகளுக்காக 12.5 வோல்ட்டில் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. நேர்த்தியான குரல் அலைபரப்புக்கு 28 அல்லது 50 வோல்ட் டிரான்சிஸ்டர் மேலானது என்பது பொறியாளர்களுக்குத் தெரியும். எனினும் சந்தை வண்டியைச் சுற்றியே இருந்தது. இப்படித்தான் 13.8 ஒரு தரநிலையானது. எந்த மாநாடும் கூடி அதைத் தீர்மானிக்கவில்லை.

காரீய-அமிலக் கலத்தை பிரான்சில் காஸ்டன் பிளாண்டே உருவாக்கியது 1859இல். அதன் குணத்தை அறிய 1897இல் வில்ஹெல்ம் பாய்கெர்ட் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: மின்னோட்டம் கூடக்கூட, பேட்டரியிலிருந்து எடுக்க முடிகிற மொத்த அளவே குறைகிறது. நம் ஊர்க் கடைகளில் கணினியின் யு.பி.எஸ்.ஸுக்காக விற்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியை எடுத்துக்கொள்வோம். அந்த ஏழு, இருபது மணி நேரத்தில் மெதுவாக வெளியேற்றினால் கிடைக்கும் ஏழு, அதாவது 0.35 ஆம்பியர் வீதத்தில். ஒரே மணி நேரத்தில் இழுத்துவிட முயன்றால் ஏறக்குறைய 60 விழுக்காடுதான் கிடைக்கும். இதற்குமேல் இன்னொரு தடையும் உண்டு. 13.8இல் 15 விழுக்காடு கழித்தால் 11.7. நூறு வாட் கருவி உச்சத்தில் 20 ஆம்பியர் இழுக்கும்போது, களைத்த பேட்டரியிலும் கம்பியிலும் இறங்கும் அழுத்தம் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். குரல் உடைந்து ஒலிக்கும், சில கருவிகள் தாமாகவே அணைந்துபோகும். உள்ளே மின்னூட்டம் மிஞ்சியிருக்கும். வானொலியால் அதை அடைய முடியாது. பேட்டரியின் மேலட்டையில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பி வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான்.

ஆயினும் இந்திய ஹாம்களின் வரலாற்றில் அந்த 7 ஆம்பியர்-மணி பேட்டரிக்குத் தனி இடம் தரவேண்டும் என்று கருதுகிறேன். மின்வெட்டுக்கும் கணினிக்கும் இடையே பிறந்த பொருள் அது. சிற்றூர் மின்சாதனக் கடையிலும் கிடைக்கும், இரண்டு கிலோவுக்கு மேல் எடை, மலிவு, கவிழ்ந்தாலும் அமிலம் கொட்டாது. இறக்குமதிக் கருவி வாங்க வழியற்ற மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ‘எந்தப் பேட்டரி?’ என்ற கேள்வி எழவே இல்லை, இருந்தது அதுதான்.

இந்தச் சூழலிலிருந்து வந்த மிகச் சுவையான விடை, ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2000களின் தொடக்கத்தில் வடிவமைத்து, கட்டணமின்றி அனைவருக்கும் வெளியிட்ட ‘பிட்எக்ஸ்’ என்னும் டிரான்ஸீவர். 14 மெகாஹெர்ட்ஸில் 6 வாட். சிறப்பு ஐ.சி.கள் எதுவும் இல்லை, சாதாரண டிரான்சிஸ்டர்கள். கிடைப்பதற்கரிய ஃபெரைட் வளையங்களுக்கு மாற்றாக, தண்ணீர்க் குழாயின் வாஷர்மேல் கம்பி சுற்றிச் சுருள் செய்யலாம் என்று அதன் செய்முறை சொன்னது. இறுதிநிலையில் ஐ.ஆர்.எஃப்.510 என்னும் மலிவான மாஸ்ஃபெட். அது வானொலிக்கே செய்யப்பட்டதன்று, சுவிட்ச்சாகப் பயன்படவேண்டியது. 12 வோல்ட்டில் அது அடக்கமாகவே வேலை செய்யும். 24 வோல்ட் கொடுத்தால் வலு பெருகும். ஆகவே பின்னர் வந்த பிட்எக்ஸ்40 பலகையில் இறுதிநிலைக்குத் தனி மின்வழி விட்டிருந்தார்கள். இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து அதற்கு ஊட்டியவர்கள் பலர். 13.8 என்ற மரபுக்குள் இருந்துகொண்டே அதிலிருந்து வெளியேற ஒரு கதவைத் திறந்துவைத்த வடிவம் அது. கிடைக்கும் பேட்டரிக்கு ஏற்பக் கருவியைச் செய்வது என்ற இந்த எதிர்த்திசைச் சிந்தனை உலகெங்கும் பரவியது. ‘குறைந்த செலவில் செய்த இந்தியக் கருவி’ என்று அதைச் சுருக்கிப் பாராட்டுவது எனக்கு உவப்பில்லை. தரநிலையைக் கேள்வி கேட்ட வடிவம் என்று சொல்வதே பொருந்தும்.

இனி, கேட்பதன் விலைக்கு வருவோம். யேசு நிறுவனம் 2000ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட எஃப்.டி.-817, தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம் என்ற ஆசையைப் பரவலாக்கிய சிறு கருவி. 5 வாட் அலைபரப்பும்போது அது 2 ஆம்பியர் வரை இழுக்கும். வெறுமனே கேட்கும்போது 0.45 ஆம்பியர். ஒரு மணி நேரத்தில் 48 நிமிடம் கேட்டு, 12 நிமிடம் பேசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்குச் செலவு 0.36 ஆம்பியர்-மணி, பேசுவதற்கு, உச்ச அளவையே முழுதும் கொண்டாலும், 0.40. குரல் அலைபரப்பில் சராசரி மின்னோட்டம் உச்சத்தைவிட மிகக் குறைவு என்பதால், உண்மையில் பேச்சைவிடக் கேட்பதே அதிகம் தின்கிறது. பின்னர் எலெக்ராஃப்ட் நிறுவனம் கேட்கும் மின்னோட்டத்தை இதில் பாதிக்கும் கீழே கொண்டுவந்தபோது, பேட்டரியில் எந்த மாற்றமும் இல்லாமலே மலையேறும் ஹாம்களின் நேரம் நீண்டது. விளம்பரங்கள் எப்போதும் அலைபரப்பும் வாட்டைத்தான் பெரிதாக அச்சிடுகின்றன. கேட்கும் மின்னோட்டம் கையேட்டின் கடைசிப் பக்கத்து அட்டவணையில் இருக்கும்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு 2004இன் அந்தமானைப் பார்க்கலாம். ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த குழு ஒன்று, பாரதி பிரசாத் தலைமையில், அவ்வாண்டு டிசம்பர் தொடக்கத்தில் போர்ட் பிளேரிலிருந்து அலைபரப்பத் தொடங்கியது. பல்லாண்டுகளாக அந்தமானிலிருந்து ஹாம் குரல் எழாதிருந்ததால், வி.யூ.4 என்று தொடங்கும் அழைப்புக்குறியோடு ஒரு தொடர்பாவது பெற்றுவிட உலகெங்கும் போட்டி இருந்தது. டிசம்பர் 26 காலை நிலம் அதிர்ந்தது, கடல் வந்தது. மின்சாரமும் தொலைபேசியும் போயின. விளையாட்டாக வந்த நிலையம் சில மணி நேரத்துக்குள் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தி கடத்தும் வழியாயிற்று. கார் நிக்கோபாரிலும் ஒரு நிலையம் இயங்கியது. இன்னார் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கும் செய்திகள் அவ்வழியே சென்றன, வந்தன. அத்தகைய நாள்களில் நிலையத்தில் அமர்ந்திருப்பவரின் வேலை பெரும்பாலும் பேசுவதன்று. ஒரு பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டுக் குறித்துக்கொள்வதும், யாராவது அழைக்கிறார்களா என்று காத்திருப்பதுமே வேலை. 1999இன் ஒடிசாப் புயலிலும் 2001 ஜனவரி 26இன் புஜ் நிலநடுக்கத்திலும் ஹாம்கள் செய்த பணியும் இதே இயல்பினதுதான். நான் படித்த பதிவுகளில் அழைப்புக்குறியும் அலைவெண்ணும் கருவியின் பெயரும் இருக்கின்றன. எந்தப் பேட்டரி, எத்தனை மணி நேரம் தாங்கியது, எங்கே கொண்டுபோய் மின்னேற்றினார்கள் என்பவை அரிதாகவே காணப்படுகின்றன. வாய்மொழி வரலாறு சேகரிக்கும் மாணவர்கள் இந்தக் கேள்வியைத் தங்கள் வினாப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த ஹாம்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

லித்தியத்துக்கு வருகிறேன். சோனி 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயனிக் கலம் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டது. எடைக்கு எடை பார்த்தால் காரீயத்தைப் பல மடங்கு விஞ்சியது. மலையேறும் ஹாம் ஓடிப்போய் அதைத் தழுவியிருக்கவேண்டும், ஆனால் தயங்கினார். தீப்பற்றும் அச்சம் ஒரு காரணம். மற்றொன்று வெறும் கணக்கு. ஒரு கலம் 3.7 வோல்ட். மூன்று வைத்தால் 11.1, முழு மின்னேற்றத்தில் 12.6இல் தொடங்கிச் சீக்கிரமே 11.7க்குக் கீழே போய்விடும். நான்கு வைத்தால் முழு மின்னேற்றத்தில் 16.8, கருவி தாங்கும் மேல்எல்லையான 15.9ஐத் தாண்டிவிடும். மூன்று போதாது, நான்கு மிகை.

இவ்விடத்தில் வாசகர் கேட்கலாம்: கைபேசியிலும் மடிக்கணினியிலும் எந்த மின்னழுத்தத்தையும் எந்த மின்னழுத்தமாகவும் மாற்றும் சிறு சுற்றுகள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றை நடுவில் வைத்தால் என்ன? வைக்கலாம். ஆனால் அச்சுற்றுகள் நொடிக்குப் பல லட்சம் முறை மின்னோட்டத்தைத் துண்டித்து இணைப்பவை. அதன் மேற்சுரங்கள் 7 மெகாஹெர்ட்ஸிலும் 14 மெகாஹெர்ட்ஸிலும் வந்து விழும். மைக்ரோவோல்ட் அளவிலான அலையைக் கேட்க முயலும் கருவியின் அருகிலேயே அதை வைப்பது, 1930களின் வைப்ரேட்டரை வேறு உருவில் திரும்ப அழைத்துக்கொள்வதற்கு ஒப்பாகும். மற்ற மின்னணுக் கருவிகள் பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கப் பழகிவிட்ட காலத்திலும் வானொலி மட்டும் பழைய எண்ணோடு பிணைந்திருப்பதற்கு இதுவே ஆழமான காரணம்.

இந்த முடிச்சை அவிழ்த்தது லித்தியம் இரும்பு பாஸ்பேட். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப்பின் ஆய்வகத்திலிருந்து 1997இல் வெளிவந்த கட்டுரையின் முதல் இரண்டு பெயர்கள் அக்ஷய பாதி, நஞ்சுண்டசுவாமி. குட்இனஃப் 2019இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது அவர்களை நினைவுகூர்ந்தவர்கள் நம்மிடையே அதிகம் இல்லை. கோபால்ட் வேண்டாம், மலிவான இரும்பு போதும், சூடேறினாலும் எளிதில் ஆக்சிஜனை விட்டு எரியாது என்பவை அப்பொருளின் சிறப்புகள். மின்கடத்தும் திறன் மிகக் குறைவு என்பது குறை. துகள்கள்மேல் கரிப்பூச்சு இடும் வழியை மிஷேல் அர்மாண்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் கண்டபின்பே அது வணிகத்துக்கு ஏற்றதாயிற்று. ஹாம்களுக்கு முக்கியமானது வேறொன்று. இக்கலம் தருவது 3.2 வோல்ட். நான்கு சேர்த்தால் 12.8. முழு மின்னேற்றத்தில் 14.6; அதுவும் எல்லைக்குள். மின்னிறக்கத்தின் பெரும்பகுதியில் அழுத்தம் ஏறத்தாழச் சமமாக நின்று, கடைசியில்தான் சரியும். பிளாண்டேயின் ஆறு கலங்கள் விட்டுச்சென்ற இடத்தில் நான்கு புதிய கலங்கள் கச்சிதமாகப் பொருந்தின. வடிவமைத்தவர் யாரும் அதற்காக முயலவில்லை. இரும்பின் வேதியியல் அப்படி அமைந்தது.

எனவே ‘மேலான தொழில்நுட்பம் வென்றது’ என்ற வழக்கமான விளக்கத்தை ஏற்பதற்கில்லை. எடையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் கோபால்ட் அல்லது நிக்கல் சார்ந்த கலமே மேல். ஹாம்களிடையே இரும்பு பாஸ்பேட் பரவியது, பாதுகாப்போடு, 1950களின் காரோடு அது ஒத்துப்போனதாலும்தான். இதற்கு மாறாக எலெக்ராஃப்ட் 2016இல் கே.எக்ஸ்.2 என்ற கருவியை மூன்று சாதாரண லித்தியம் கலங்களின் 10.8 வோல்ட்டிலேயே நிறைவாக இயங்கும்படி செய்தது. மரபை மீறியதற்குக் கிடைத்த பரிசு, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய கருவி. நம் நாட்டில் இன்று சூரிய ஒளித் தெருவிளக்குகளுக்காகவும் மின்வண்டிகளுக்காகவும் வந்து குவியும் இரும்பு பாஸ்பேட் கலங்களை நான்கு நான்காகச் சேர்த்து ஹாம்கள் தாங்களே பேட்டரி கட்டிக்கொள்கிறார்கள். 6 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று ஒரு கிலோவுக்கும் குறைவு, பழைய யு.பி.எஸ். பேட்டரியில் பாதி எடைகூட இல்லை. கலங்களில் பெரும்பாலானவை சீனத்திலிருந்து வருபவை. முன்பு காரும் யு.பி.எஸ்.ஸும் தந்ததைத் தெருவிளக்கு தருகிறது.

அண்மைக்காலத்தில் இன்னொரு துறையும் தேர்வுக்குள் நுழைந்திருக்கிறது. விமானப் பயணி கையோடு எடுத்துச் செல்லும் லித்தியம் பேட்டரி 100 வாட்-மணிக்கு உட்பட்டிருக்கவேண்டும். அதற்குமேல் 160 வரை விமான நிறுவனத்தின் இசைவு தேவை. அதையும் தாண்டினால் அனுமதி இல்லை. 12.8 வோல்ட்டில் 100 வாட்-மணி என்பது 7.8 ஆம்பியர்-மணி. மேலே சொன்ன கருவியை, மேலே சொன்ன வீதத்தில் இயக்கினால் பத்து மணி நேரம். அந்தமானுக்கோ இலட்சத்தீவுக்கோ விமானத்தில் செல்லும் ஹாம், ஒரு பெரிய பேட்டரிக்கு மாற்றாக இரண்டு சிறிய பேட்டரிகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கிறார்.